மரத்தை மூடாதீர்கள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் மொட்டை மாடியிலும் கார் நிறுத்தும் இடத்திலும் சொந்தக் கையால் கிட்டார் செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்கள் மரவேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கழுத்தை நேராக இழைக்கிறீர்கள். மெட்டுகளை அளந்து பதிக்கிறீர்கள். பிக்கப்பைக்கூடச் சிலர் வீட்டிலேயே சுற்றிக்கொள்கிறீர்கள். மாதக்கணக்கில் அவ்வளவு பொறுமையாக இருந்துவிட்டு, நிறம் ஏற்றும் கட்டம் வந்ததும் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த அவசரம்? காருக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா ஒன்றை வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலையை முடித்துவிடுகிறீர்கள். திங்கட்கிழமை பார்த்தால் தேக்கா, பலாவா, பிளைவுட்டா என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

அதைப் பற்றித்தான் இந்த மடல். நிறமும் இருக்க வேண்டும், மரத்தின் ரேகையும் தெரிய வேண்டும். அப்படி ஒரு பூச்சு சென்னையில், அடுக்குமாடி வீட்டில், கையால் செய்யக்கூடியதுதான்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் மரம் என்ன என்று பாருங்கள். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபடி இருக்கின்றன. இடிக்கிற வீட்டின் உத்தரமும் கதவும் ஜன்னல் சட்டமும் பழைய மரக் கடைகளுக்குப் போகின்றன. அவற்றில் பர்மா தேக்கு உண்டு, சில சமயம் ஈட்டியும் உண்டு. இரண்டு மூன்று தலைமுறை காய்ந்த மரம் அது. எந்த மரவாடியிலும் புதிதாக வாங்க முடியாது. 1963இல் லண்டனில் பிரையன் மே என்ற பதினாறு வயதுப் பையன் தன் அப்பாவோடு சேர்ந்து இப்படிப் பழைய மரத்தில்தான் கிட்டார் செய்தான். பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டத்தை எடுத்துக் கிட்டாரின் கழுத்தாகச் செதுக்கினான். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தான். உடலுக்கு மேல் மகோகனி வெனீர் ஒட்டி, மரம் தெரியும்படி தெளிந்த பிளாஸ்டிக் வார்னிஷ் பூசினான். இரண்டு வருடத்தில் முடிந்த அந்த ‘ரெட் ஸ்பெஷல்’தான் குவீன் குழுவின் பாட்டுகளில் ஒலித்தது. 2002இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்ததும் அதே கிட்டார்தான். ரெட் என்று பெயர் இருந்தாலும் அதில் மகோகனியின் ரேகை இன்றும் தெரிகிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் உங்கள் வீட்டு வீணையையே எடுத்துப் பாருங்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம்தான் உடல். பண்ருட்டிப் பக்கத்துப் பலா என்றால் செய்பவர்களுக்குத் தனி மதிப்பு. புதிதாக அறுத்த பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட வருடங்களில் பழுப்பேறும். பௌத்தத் துறவிகளின் காவி உடைக்குச் சாயம் இறக்கியதும் இதே பலாச் சிராயிலிருந்துதான். அதாவது உங்கள் மரத்துக்குள் ஏற்கெனவே ஒரு சாயம் இருக்கிறது. நீங்கள் மேலே பூசுவது அதோடு சேர்ந்துதான் கண்ணில் படும். வெள்ளை மேப்பிளில் நீலச் சாயம் பூசிக் காட்டும் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுப் பலாவில் நீலம் பூசினால் கிடைப்பது பச்சை. தேக்கிலும் பலாவிலும் நன்றாக எழும்புபவை தேன் நிறம், ஆரஞ்சு, செம்பழுப்பு, அடர் சிவப்பு. நீலமும் ஊதாவும் வேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வெளிறிய மரத்தைத் தேடிப் போங்கள்.

இனி நிறம் எங்கே உட்கார வேண்டும் என்ற கேள்வி. சாயத்தை மரத்துக்குள் ஏற்றலாம். அல்லது மேலே பூசும் படலத்தில் கலக்கலாம். ஸ்ட்ராடிவாரி வயலின்களின் பளபளப்புக்கு ஏதோ ரகசிய மருந்து இருந்ததாக இருநூறு வருடமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் இருக்கும் ஐந்து கருவிகளை ஆராய்ந்து ஒரு குழு 2009 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. அடியில் மரத்துக்குள் இறங்கிய சாதாரண எண்ணெய். அதன்மேல் எண்ணெயும் ஊசியிலை மரப் பிசினும் சேர்ந்த மெல்லிய படலம். சில கருவிகளில் அந்தப் படலத்துக்குள் சிவப்பு நிறமிகள். ரகசியம் ஒன்றும் கிடைக்கவில்லை. நிறம் பெரும்பாலும் மரத்துக்கு மேலே நின்றது என்பதுதான் நமக்கு அதில் பாடம்.

என் தீர்ப்பும் அதேதான். பழைய தேக்குக்கும் பலாவுக்கும் சாயத்தை நேரே மரத்தில் ஏற்றாதீர்கள். குறுக்கு வெட்டுப் பக்கம் சாயத்தை மடமடவென்று குடித்துக் கறுத்துவிடும். பழைய ஆணி இருந்த இடத்தில் இரும்புக் கறை இன்னும் கருமையாகும். ஃபெவிகால் சிந்தித் துடைத்த இடம் சாயத்தை வாங்கவே வாங்காது, வெளிறிய திட்டாக நிற்கும். முதலில் நீர்த்த அவலரக்கில் ஒரு பூச்சு கொடுத்து மரத்தின் வாயை அடைத்துவிட்டு, நிறத்தை அடுத்தடுத்த பூச்சுகளில் கொண்டுவந்தால் இந்தத் தொல்லைகளில் பாதி வராது. நிறம் பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துவிடவும் முடியும். மரத்துக்குள் இறங்கிய சாயத்தை எடுக்க இழைப்புளிதான் வேண்டும்.

அவலரக்கு என்றதும் விழிக்காதீர்கள். கடையில் ஷெல்லாக் என்று கேளுங்கள். கொம்பில் படியும் அரக்கைச் சுரண்டி, கழுவி, உருக்கி, தகடாக இழுத்து உடைத்த சில்லுதான் அது. அந்த அரக்கு, புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் ஒரு சிறு பூச்சியின் சுரப்பு. உலகுக்கு அரக்கு கொடுப்பதில் இந்தியா முன்னணியில் இருக்கிறது, இந்தியாவில் ஜார்க்கண்ட். 1924லேயே ராஞ்சி அருகே நாம்குமில் அரக்குக்கென்று ஓர் ஆய்வு நிலையம் தொடங்கிவிட்டார்கள். நமக்கும் இந்தப் பூச்சி அந்நியமில்லை. பெண்கள் காலில் இட்டுக்கொண்ட செம்பஞ்சுக் குழம்பின் சிவப்பு இதன் சாயம். பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய 78 சுழல் இசைத்தட்டுகளைப் பிணைத்து வைத்திருந்ததும் இதே அரக்கு. (புரசைவாக்கம் கங்காதீசுவரர் கோயிலின் தலமரம் புரசு. அந்தப் பக்கம் போனால் அரக்கு விளையும் மரம் எப்படி இருக்கும் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.)

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் சில்லு போதும். கண்ணாடி ஜாடியில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, மெல்லிய மல்துணியில் வடிகட்டுங்கள். கலவை நீர்மோர் பதத்தில் ஓட வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, அரக்கு கறுத்துவிடும். மெழுகு நீக்கிய அரக்காகக் கேட்டு வாங்குங்கள். அதில்தான் மேலே வேறு வார்னிஷ் ஒட்டும். கரைத்ததைச் சென்னை வெயிலில் மாதக்கணக்கில் வைத்திருந்து பூசினால் காயவே காயாது, விரல் ரேகை பதிந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது வேண்டியதை மட்டும் கரையுங்கள்.

ஸ்பிரிட் வாங்குவது பெயின்ட் வாங்குவது மாதிரி எளிதில்லை என்று உங்களில் சிலர் புலம்புவது காதில் விழுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. மதுவிலக்குக் காலத்தில் இந்த ஊரில் வார்னிஷைக் குடித்துக் கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. ஸ்பிரிட், மெத்தனால், பிரெஞ்சு பாலிஷ் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே 1959இல் விதிகள் போட்டார்கள், அவை மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வருகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால். ஆகவே குறுக்கு வழியில், பெயர் ஒட்டாத கேனில் வாங்காதீர்கள். சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் அரக்கு கரையும், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எதைக் கரைத்தாலும் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தி நேரத்தில் பூஜை அறையில் விளக்கேற்றும் வீடுகள் நம் வீடுகள். ஸ்பிரிட் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். விளக்கு எரியும்போதும் அடுத்த அறையில் கேஸ் அடுப்பு எரியும்போதும் பாலிஷ் ஜாடியின் மூடியைத் திறக்காதீர்கள். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடுவதும் அப்படித்தான். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

இப்போது சாயம். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். சமையலறையில் மஞ்சள் இருக்கிறது, ஸ்பிரிட்டில் போட்டால் கண்ணைப் பறிக்கும் நிறம் இறங்குகிறது, செலவும் இல்லை. பூசின அன்று அழகோ அழகு. வெயில் படும் ஜன்னலோரம் சில வாரம் சாத்தி வைத்தால் மஞ்சள் போய்விடும். கோரைப்பாய்க்குப் போடும் மலிவான தூள் சாயங்களும் ஏறக்குறைய அந்த ரகம்தான். பெரிய கம்பெனிகளே இதில் அடிபட்டிருக்கின்றன. 1958இலிருந்து 1960வரை கிப்சன் விற்ற லெஸ் பால் கிட்டார்களில் ஓரத்தைச் சுற்றிச் சிவப்பும் நடுவில் மஞ்சளும் இருந்தன; சன்பர்ஸ்ட் என்பது இந்த வகைப் பூச்சைத்தான். அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தாங்கவில்லை. பல கிட்டார்களில் அது வெளுத்து, தேன் நிறமும் எலுமிச்சை நிறமும்தான் மிஞ்சின. 1958இல் ஃபெண்டர் கொண்டுவந்த மூன்று நிறச் சன்பர்ஸ்டிலும் தொடக்க காலச் சிவப்பு அதே கதிக்கு ஆளானது. இன்று அந்த வெளுத்த கிட்டார்களுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கோடிகளில் விலை கொடுக்கிறார்கள் என்பது வேடிக்கை. உங்கள் கிட்டாருக்கு அந்த யோகம் அடிக்கும் என்று எண்ணிக்கொண்டு மஞ்சள்தூளைக் கரைக்க வேண்டாம்.

உலோகம் சேர்ந்த சாயம், மெட்டல் காம்ப்ளெக்ஸ் டை என்று கேளுங்கள். ஸ்பிரிட்டில் கரையும், வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும், மரத்தை மறைக்காது. பெயின்ட் கடையில் கிடைக்கும் நிறமித் தூளும் காவியும் வேறு ஜாதி. அவை கரையாமல் மிதப்பவை, ரேகையின்மேல் படிந்து மங்கலடிப்பவை. ஓர் அரை டீஸ்பூன் சாயக் கரைசலை ஒரு டம்ளர் அரக்கில் கலந்தால்கூட அதிகம் என்று சில சாயங்களில் தோன்றும். சொட்டுக் கணக்கில் சேருங்கள். ஒரே பூச்சில் அடர் சிவப்பு வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதலில் தேன் நிறத்தில் இரண்டு பூச்சு, அதன்மேல் சிவப்போ பழுப்போ மெல்லியதாக. அடியில் மஞ்சள் இருந்தால்தான் மேலே இருக்கும் சிவப்புக்கு ஆழம் கிடைக்கும். நேரடிச் சிவப்பு, டியூப் லைட்டில் ரோஜாப்பூ மிட்டாய் நிறத்தில் நிற்கும். நிறம் பார்ப்பதைக் காலை வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே மரத்தின் வெட்டிய துண்டில் அத்தனை பூச்சையும் வரிசையாகப் பூசிப் பார்த்த பிறகே கிட்டாரைத் தொடுங்கள். பூசாத துண்டில் சாயம் தெரிவது ஒரு நிறம், மேலே தெளிந்த வார்னிஷ் ஏறியபின் தெரிவது வேறு நிறம்.

மரத்தைத் தயார் செய்வதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 120, 180, 220 என்று உப்புத்தாள் போடுங்கள், ரேகையோடு போடுங்கள். கடைசியில் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டு, எழும்பிய சிலும்பை 320இல் தட்டிவிடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தேக்கு, மகோகனி, பலா மூன்றுக்கும் துளை பெரிது. ஆசாரிகள் வழக்கமாக இழுக்கும் வெள்ளைப் பட்டியை அப்படியே இழுத்தால் ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் புள்ளி நின்று, தெளிந்த நிறத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பட்டியை மரத்தைவிட ஒரு படி கருமையாக நிறமேற்றி இழுங்கள். ஈட்டி மரத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் ஊதா நிறம் ஸ்பிரிட்டில் கரைந்து பக்கத்து வெள்ளை மரத்தில் வழியும். எல்லையில் துணியை இழுக்காமல் ஒற்றுங்கள். தேக்கிலிருக்கும் எண்ணெய் சில வார்னிஷ்களைக் காயவிடாது. அடியில் அரக்குப் பூச்சு இருந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பூசுவது எப்படி? பஞ்சை உருட்டிப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அரக்கை அதற்குள் ஊற்றி, பிழிந்து, ரேகையோடு ஒரே இழுப்பு. இழுத்த இடத்தில் திரும்ப வராதீர்கள். ஈரமாக இருக்கும் பூச்சின்மேல் துணி மறுபடி பட்டால் அடியிலிருக்கும் நிறத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடும், கோடு விழும். நிறப் பூச்சுகளுக்கு இடையில் உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். விளிம்பில் தேய்ந்துபோனால் அங்கே வெளிறிய கோடு தெரியும், அதை மறைக்க ஒரு வழியும் இல்லை. நிறம் முடிந்து, நிறமில்லாத பூச்சு மூன்று நான்கு ஏறிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தேயுங்கள்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொது. நம் ஊருக்கென்று இருக்கும் வில்லன் ஈரக்காற்று. ஸ்பிரிட் பறக்கும்போது மரத்தின் மேல்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பூச்சுக்குள் வெள்ளைப் புகையாக மாட்டிக்கொள்ளும். அடர் சிவப்புக்கு மேல் வெள்ளை படர்ந்தால் பார்க்கச் சகிக்காது. சென்னைக்கு வருடத்தில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வாரங்களில் கொட்டுகிறது. அந்த நாட்களில் பாலிஷ் வேலையை நினைக்கவே நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் கடற்காற்று வரும்வரை காற்று வறண்டிருக்கும். ஆனால் அனலில் ஸ்பிரிட் இழுப்பு முடிவதற்குள் பறந்துவிடும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்காற்று இறங்கிய அடுத்த கணமே ஈரம் ஏறுவது தெரியும். எனக்குத் தெரிந்து இந்த வேலைக்கு ஏற்றவை தையும் மாசியும். விடியற்காலைப் பனி வடிந்து, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிவரை வேலை செய்யலாம். சிறிய ஈரப்பத மானி ஒன்று வாங்கி மாட்டுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் துணியை வைத்துவிட்டு வாசிக்கப் போய்விடுங்கள்.

அரக்குக்கு ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. வேர்வை அதற்குப் பிடிக்காது. மே மாதத்தில் ஒரு மணி நேரம் வாசித்தால் முன்கை படும் இடத்தில் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். ஸ்பீக்கர் வெக்கையும் சானிடைசர் கையும் அதற்கு ஆகாது. ஆகவே எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அடியிலும் நிறத்திலும் அரக்கு, அதன்மேல் கவசமாக மெல்லிய பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷோ எண்ணெய் வார்னிஷோ இரண்டு மூன்று கை, இதுவே என் பரிந்துரை. நைட்ரோசெல்லுலோஸ்தான் அசல் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தத் தின்னரின் நெடி எதிர் ஃபிளாட் பாட்டியின் மூச்சுக்குள் போகும், தீயும் எளிதில் பற்றும். அடுக்குமாடியில் அதற்கு இடமில்லை. அக்கூஸ்டிக் கிட்டாராக இருந்தால் மேல்பலகையில் முழுக்க அரக்கோடு நிறுத்துங்கள், முன்கை படும் இடத்தில் ஒரு துணி போட்டுக்கொண்டு வாசியுங்கள். அங்கே படலம் கனத்தால் நாதம் மங்கும். கட்டை மரத்தில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரில் வார்னிஷ் மாறினால் நாதம் மாறும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பழைய நாற்காலிக்கும் ஊஞ்சல் பலகைக்கும் கையால் பாலிஷ் போடும் மேஸ்திரிகள் இன்னும் இருக்கிறார்கள். சன்மைக்காவும் ஆலையிலேயே பூச்சு ஏறிவரும் பலகையும் வந்தபின் அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது. துணியில் எவ்வளவு அரக்கு இருக்கிறது என்று அவர்கள் விரல் அறியும், அந்த அறிவை எந்த வீடியோவும் தராது. அவர்களில் ஒருவரை அண்ணே என்று கூப்பிட்டு, முழு நாள் கூலியை முன்கூட்டியே பேசி, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு மாடியில் அவரை உட்கார வையுங்கள். அவர் கையைப் பாருங்கள், பிறகு உங்கள் வெட்டுத் துண்டில் போட்டுக் காட்டித் திட்டு வாங்குங்கள். கிட்டார் முடிந்ததும் பின்பக்க மூடியைக் கழற்றி, வயர்கள் இருக்கும் குழிக்குள் பென்சிலால் மரம், சாயம், பூச்சு, வருடம் நான்கையும் எழுதுங்கள். அதற்குக் கீழே மேஸ்திரியின் பெயரையும் எழுதுங்கள்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து உங்களில் ஒருவன்